மாப்பிள்ளையைத் தொலைத்த ஞாயிறு

என் தங்கை புருஷனை நான் ஒரு தடவை ரோட்டில் தொலைத்திருக்கிறேன். கல்யாணம் முடிந்து ஐந்தே மாதம். தலைப்பொங்கலுக்கு விருந்தாளியாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மனிதரை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். போய் இறங்கித் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஆள் இல்லை. இதை எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். எனக்குத்தான் சிரிப்பு வந்ததே இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் அரசரடிப் பக்கம் குடியிருந்தோம். எனக்கு இருபத்தேழு வயது, ஒரு பழைய புல்லட், அதைவிடப் பெரிய வாய். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாங்கள் மூன்று பேர் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே கிளம்பிவிடுவோம். ஒருவன் லேத் பட்டறை வைத்திருந்தான். நகத்திடுக்கில் எப்போதும் கிரீஸ் இருக்கும், பேச்சு குறைவு. இன்னொருவன் நூல் கடைக்காரன், சௌராஷ்டிர வீட்டுப் பையன். அவனிடம் ராஜ்தூத் இருந்தது. பயம் வந்தால் மட்டும் அவர்கள் வீட்டுப் பாஷையில் கடகடவென்று ஏதோ சொல்வான். ஒரு வாரம் வாடிப்பட்டி, ஒரு வாரம் அழகர்மலை, ஒரு வாரம் எங்கே போகிறோம் என்று தெரியாமலே போவது. அங்கே ஒரு சட்டியில் கறியும் இன்னொரு சட்டியில் சோறும் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழத் திரும்புவோம்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. கடைசியாகப் போய்ச் சேருகிறவன்தான் சட்டி கழுவ வேண்டும். அடிப்பிடித்த கறிச்சட்டியை ஓடை மணலைப் போட்டு உட்கார்ந்து தேய்க்க வேண்டும். மற்ற இருவரும் பக்கத்தில் நின்று, "இந்தப் பக்கம் இன்னும் கருப்பு இருக்கே" என்று நாட்டாமை செய்வார்கள். கேட்டால் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அந்தச் சட்டிக்குப் பயந்து நாங்கள் ஓட்டிய ஓட்டத்தை நினைத்தால், மூன்று பேரும் முழுசாகத் திரும்பி வந்ததே பெரிய விஷயம்.

அந்த ஞாயிறு மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. இது என்னுடைய யோசனைதான். அவர் திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒல்லியான ஆள். வந்து மூன்று நாள் ஆகியும் எங்கள் வீட்டில் அவர் பேசியது மொத்தம் முப்பது வார்த்தை இருக்கும். தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கேட்க மாட்டார். யாராவது குடிக்கும்போது அந்தப் பக்கம் பார்ப்பார், நாமாகப் புரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். நான் அவரை "மாப்ள" என்று கூப்பிட்டாலும் வாங்க போங்கதான். அவருக்கு நான் "மச்சான்". இரண்டு பேருக்கும் நடுவில் அம்புட்டு மரியாதை. அந்த மரியாதையைக் கொஞ்சம் உடைத்து, மதுரைக்காரன் எப்படி வண்டி ஓட்டுகிறான் என்று காட்ட வேண்டும் என எனக்கு ஆசை.

காலையில் கிளம்பும்போது அப்பா வாசல் வரைக்கும் வந்தார். "புதுப் பிள்ளை. பாத்துக் கூட்டிட்டுப் போ" என்றார். தங்கை என் பக்கத்தில் வந்து மெதுவான குரலில், "அண்ணே, மெதுவாப் போண்ணே. அவுக பயந்தாலும் வாயத் திறந்து சொல்ல மாட்டாக" என்றாள்.

"என்னைய என்ன லாரி டிரைவர்னு நெனச்சியா?" என்றேன்.

போகிற இடம் பேரையூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு ஓடை. திருமங்கலம், கல்லுப்பட்டி வழியாக மெயின் ரோட்டிலேயே போவது என்று லேத்துக்காரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். திருமங்கலம் தாண்டி வலது கைப் பக்கம் பிரிகிற ஊர் ரோட்டில் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் அது தை மாதம். மானாவாரிக் காட்டு ஊர்களில் அறுப்பு முடிந்து, கொள்ளையும் சோளத்தையும் ரோட்டில்தான் போடுவார்கள். பிடுங்கிக் காய்ந்த கொள்ளுச் செடியைத் தார் ரோட்டின் அகலத்துக்கும் பரப்பிவிட்டால், போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்தே நெற்று உடைந்துவிடும். மாடு பூட்டிப் போரடிக்கிற வேலை மிச்சம். நாலு சக்கர வண்டிக்கு அது ஒன்றும் செய்யாது. இரண்டு சக்கரத்துக்கு, எண்ணெய் தடவிய தரையில் ஓடுவது போலத்தான்.

"களம் போட்டிருப்பாய்ங்க. பின்னாடி ஆள வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போற வேலை வச்சுக்காதடா" என்றான் லேத்துக்காரன். நான் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினேன்.

எங்கள் புல்லட்டில் முன் சீட்டு தனி, பின் சீட்டு தனி. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து, கையைப் பின்னால் கொண்டுபோய்க் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். என் தோளைப் பிடித்தால் வசதியாக இருக்கும். "என்னையப் பிடிச்சுக்கங்க மாப்ள" என்றேன். "பரவாயில்ல மச்சான்" என்றார். மச்சினன் தோளில் கை போடுவது அவருக்குக் கூச்சம். இரண்டாம் தடவை வற்புறுத்திச் சொல்வது எனக்குக் கூச்சம். கட்டிய பெண்டாட்டியின் அண்ணனைப் பிடித்துக்கொள்ளக் கூச்சப்பட்டு ஒரு ஆள் கீழே விழுந்தார் என்றால் எங்கள் ஜனங்களைத் தவிர வேறு யாரும் நம்ப மாட்டார்கள்.

திருமங்கலம் வருவதற்கு முன்னால் ஒரு ரயில்வே கேட். அவர்கள் இரண்டு பேரும் கடந்துபோன பிறகு, சரியாக என் மூக்குக்கு முன்னால் கேட்டைப் போட்டார்கள். கூட்ஸ் வண்டி. பெட்டி பெட்டியாக அது ஊர்ந்து முடிவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கண்ணுக்கு முன்னால் கறிச்சட்டி வந்து நின்றது. புது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, நான் ஓடையில் குத்த வைத்து உட்கார்ந்து சட்டி தேய்ப்பதா? அவர் ஊருக்குப் போய், உன் அண்ணன் நன்றாகப் பாத்திரம் கழுவுகிறார் என்று என் தங்கையிடம் சொல்வாரா? கேட் திறந்ததும் விரட்டினேன். திருமங்கலம் தாண்டி ஊர் ரோடு பிரிகிற இடம் வந்ததும், கொஞ்சமும் யோசிக்காமல் வலது பக்கம் திருப்பினேன்.

மூன்று ஊர் தாண்டும் வரைக்கும் ரோடு சுத்தமாக இருந்தது. லேத்துக்காரன் சும்மா பயமுறுத்துகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வளைவு திரும்பியதும் ரோடு காணாமல் போய்விட்டது. கண்ணுக்கு எட்டின தூரம் பழுப்பு நிறத்தில் கொள்ளுச் செடி, முழங்கால் உயரத்துக்கு. இரண்டு பக்கமும் பொம்பளைகள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு கம்பால் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிறுத்தியிருக்கலாம். இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். ஒரு பெரியவர் நடு ரோட்டில் நின்று, "மேலயே விடுங்க தம்பி, நல்லா மிதிபடட்டும்" என்று கையை வீசினார். நான் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன்.

முன் சக்கரம் ஒரு பக்கம் போனது, பின் சக்கரம் இன்னொரு பக்கம் போனது. ஹேண்டில்பார் என் கையில் உயிருள்ள ஆட்டுக்குட்டி மாதிரித் திமிறியது. பிரேக்கைத் தொட்டால் செத்தோம் என்று மட்டும் தெரியும், அதனால் தொடவில்லை. கொள்ளுச் சருகு உடைந்த பொட்டும் தூசியும் மூக்கு, கண் எல்லாம் ஏறியது. களம் முடிகிற இடத்தில் ஒரு பள்ளம். வண்டி அதில் இறங்கித் தூக்கிப் போட்டது. அதோடு கொள்ளு முடிந்து தார் ரோடு வந்துவிட்டது. வண்டி லேசாகி விர்ரென்று ஓடியது. தார் ரோட்டுக்கு வந்ததால்தான் லேசாகிவிட்டது என்று நினைத்தேன்.

கண்ணாடியில் தூசிக்கு நடுவே பொம்பளைகள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவது தெரிந்தது. வழக்கமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள், திரும்பி வந்து இன்னொரு தடவை ஏற்றிவிட்டுப் போகச் சொல்லி. நானும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனேன்.

"எப்புடி மாப்ள, பயந்துட்டீங்களா?" என்று சத்தம் போட்டுக் கேட்டேன். பதில் இல்லை. அவர் எப்போது பதில் சொன்னார்? அதற்குப் பிறகு ஆறு மைல். அந்த ஆறு மைலும் நான் பேசிக்கொண்டே வந்தேன். அந்தா தெரிகிறதே அது பருத்திக்காடு என்றேன். இந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் அறுபது அடிக்குக் கீழே என்றேன். என் தங்கை சின்ன வயதில் என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வரும்போது தூங்கிவிடுவாள் என்று சொல்லிச் சிரித்தேன். இதையெல்லாம் நான் காற்றுக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போதும் யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும்போது அவர் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமானால் எனக்கு முதுகு சில்லென்று ஆகிவிடும்.

ஓடைக்கரையில் யாருமே இல்லை. நான்தான் முதல். வண்டியை நிறுத்தி, "இறங்குங்க மாப்ள" என்றேன். இறங்குகிற அசைவு தெரியவில்லை. திரும்பினேன். பின் சீட்டில் கொஞ்சம் கொள்ளுப்பொட்டு கிடந்தது. ஆள் இல்லை.

எனக்கு முன்னால் இறங்கி ஒதுங்கப் போயிருப்பார் என்றுதான் முதலில் தோன்றியது. மரத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பாறைக்குப் பின்னால் பார்த்தேன். "மாப்ள" என்று கூப்பிட்டேன். மலையில் பட்டு என் குரலே திரும்பி வந்தது. அப்போதுதான் அந்தப் பள்ளமும், வண்டி லேசானதும், கையை ஆட்டிய பொம்பளைகளும் ஒன்றன் பின் ஒன்றாக நினைவில் வந்து நின்றன. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கால்மணி நேரத்தில் மற்ற இரண்டு வண்டியும் வந்தன. நூல் கடைக்காரன் தூரத்திலிருந்தே, "எங்களுக்கு முன்னாடி எப்புடிடா வந்தே?" என்று கத்திக்கொண்டு வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"மாப்பிள்ளை எங்கடா?" என்றான் லேத்துக்காரன்.

"காணோம். வழியில விழுந்துட்டாரு போல."

நூல் கடைக்காரன் அவன் வீட்டுப் பாஷையில் பேச ஆரம்பித்துவிட்டான். லேத்துக்காரன் மட்டும் நிதானமாகக் கேட்டான். "எந்த வழியா வந்தே?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். காலையில் அவ்வளவு சொல்லியும் தங்கை புருஷனை வைத்துக்கொண்டு அந்த ரோட்டில் போனேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கல்லுப்பட்டி வழியாத்தான். நீங்க எங்கயாச்சும் நின்னிருப்பீங்க, கவனிச்சிருக்க மாட்டீங்க" என்றேன்.

"ஆமா, நான் ஒதுங்குறேன்னு முள்ளுக்காட்டுக்குள்ள போனேன்ல" என்றான் நூல் கடைக்காரன், பாவம். என் பொய்க்கு அவனே முட்டுக் கொடுத்துவிட்டான்.

மூன்று பேரும் தேடப் போவோம் என்றும் அவனே சொன்னான். என்னால் எழுந்து நிற்கவே முடியவில்லை. லேத்துக்காரன் என்னைப் பார்த்துவிட்டு, "நீ இங்கயே இரு. ஏதாச்சும் வண்டி பிடிச்சு வந்தாலும் வந்துருவாரு. நாங்க பாத்துட்டு வாரோம்" என்றான். இரண்டு வண்டியும் கல்லுப்பட்டி ரோட்டில் போய் மறைந்தன. அவர் அந்த ரோட்டில் இல்லை என்று உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

அவர்கள் தலை மறைந்ததும் நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ரோட்டில் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆறு மைல்தான். எழுந்தேன், கிக்கரில் காலை வைத்தேன், எடுத்துவிட்டேன். இப்படி நாலு தடவை செய்தேன். போனால் என்ன பார்ப்பேன் என்று எனக்குத் தெரியும். தலையில் அடிபட்டு ரோட்டு ஓரத்தில் கிடப்பார், மேலே யாராவது சாக்கைப் போர்த்தியிருப்பார்கள். நான் போய்ப் பார்க்காத வரைக்கும் அவர் சாகவில்லை. அப்படி ஒரு கணக்கு மனதில் ஓடியது. கோழைத்தனம் என்றுதான் அதற்குப் பெயர். அப்போது அது எனக்குப் பெரிய ஞாயம் மாதிரித் தெரிந்தது.

ஓடைக்கரைக் கல்லில் உட்கார்ந்து தங்கையை நினைத்தேன். கழுத்தில் மஞ்சள் கயிற்றின் மஞ்சள்கூட இன்னும் வெளுக்கவில்லை. வீட்டில் இந்நேரம் அவருக்காக ராத்திரி விருந்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும். நான் தனியாக வாசலில் போய் வண்டியை நிறுத்துவேன். அவள் வெளியே வந்து என் பின்னால் பார்ப்பாள். அந்தப் பார்வை வரைக்கும்தான் என்னால் நினைக்க முடிந்தது. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

இதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பயத்தில் அறிவு மழுங்கிப் போனவன் என்று என்னை மன்னித்துவிடலாம். நான் நிறுத்தவில்லை. வாயைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தேன். அவர் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், வேண்டாம் என்று சொன்னேன், புது மாப்பிள்ளை ஆசைப்படும்போது எப்படி மறுப்பது என்று சாவியைக் கொடுத்தேன், பழக்கமில்லாமல் போய் விழுந்துவிட்டார். இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நம்புகிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்தேன். "சாவியைக் கொடுத்தேன்" என்பதைவிட "சாவியைப் பிடுங்கிக்கொண்டார்" என்றால் இன்னும் நன்றாக இருக்குமோ என்று மாற்றிப் பார்த்தேன். தண்ணீர்கூட வாய்விட்டுக் கேட்காத மனுஷன் என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினாராம்.

ஒரு மணி நேரம் இப்படிப் போனது. அவ்வளவு நேரம் ஆனதே எனக்குத் தெரியவில்லை.

லேத்துக்காரன் தனியாகத் திரும்பி வந்தான். கல்லுப்பட்டி ஆஸ்பத்திரியில் விசாரித்தாயிற்று, டீக்கடை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் கேட்டாயிற்று, விழுந்த ஆளை யாரும் பார்க்கவில்லை. நூல் கடைக்காரனைத் திருமங்கலம் வரைக்கும் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறான். சொல்லிக்கொண்டே வந்தவன் என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். குனிந்தான். பின் சக்கரத்தில், செயினுக்கும் அச்சுக்கும் நடுவில், கொள்ளுக்கொடி கயிறு மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தது. கையை விட்டு ஒரு பிடி பிடுங்கி எடுத்தான்.

"கல்லுப்பட்டி ரோட்டுல களம் ஏதுடா?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அறை விழுந்தது. காது ங்கொய் என்றது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அவன் யாரையும் கை நீட்டி நான் பார்த்ததில்லை. "ஏறு" என்றான். அவன் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அவன் தோளை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஆறு மைல் இன்னும் என் கனவில் வரும். தூரத்தில் நாலு பேர் கூட்டமாக நின்றாலே அவரைச் சுற்றித்தான் நிற்கிறார்கள் என்று நினைப்பேன். கிட்டப் போனால் ஆட்டை விலை பேசிக்கொண்டிருப்பார்கள். ரோட்டோரம் வெள்ளையாக எதையோ பார்த்து, "நில்லு நில்லு" என்று கத்தினேன். உர மூட்டைச் சாக்கு. சாமி எல்லாம் ஞாபகம் வந்தது. அழகரைக் கூப்பிட்டேன், பாண்டி முனியைக் கூப்பிட்டேன். அவர் உயிரோடு இருந்தால் மொட்டை போடுகிறேன் என்றேன். கண்ணைத் திறந்துகொண்டு போகிற அளவுக்குக்கூடத் தைரியம் இல்லை, கடைசி வளைவில் அவன் முதுகில் முகத்தை வைத்து மூடிக்கொண்டேன்.

வண்டி நின்றது. "பாருடா" என்றான் லேத்துக்காரன்.

களம் அப்படியே கிடந்தது. ரோட்டோரத்து வேப்பமரத்து நிழலில் ஒரு சாக்கை விரித்து மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார். வலது கையைத் துண்டால் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டிருந்தார்கள். கன்னத்தில் ஒரு பக்கம் தோல் உரிந்து, அதில் மஞ்சளை அப்பியிருந்தார்கள். முகம் வலியில் சாம்பல் பூத்துப்போயிருந்தது. தலைமுடியெல்லாம் பொட்டு. நான் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே குதித்தேன். குதித்தவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

கம்போடு நின்ற ஒரு பொம்பளைதான் முதலில் என்னை அடையாளம் கண்டாள்.

"இந்தா வந்துட்டான்யா மகராசன்! ஏய்யா, பின்னாடி இருந்த ஆளு விழுந்ததுகூடவா ஒருத்தனுக்குத் தெரியாது? கோழிக்குஞ்சு தவறினாக்கூடத் தாய்க்கோழி திரும்பிப் பாக்கும். நாங்க கத்துறோம், நீ கைய ஆட்டிட்டுப் போற!"

அவளோடு நின்ற இன்னொருத்தி, "கை எலும்பு முறிஞ்சுபோச்சுய்யா. பஸ்ஸு வந்துச்சு, ஏத்தி விடுறோம்னோம். மாட்டேன்னுட்டாரு. அப்புறம் ஒரு டிராக்டரு வந்துச்சு, கல்லுப்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்னாக. அதுலயும் ஏற மாட்டேன்னுட்டாரு" என்றாள்.

"ஏன்?" என்று கேட்டது லேத்துக்காரன்.

"எங்க மச்சான் தேடி வருவாரு, நான் இந்த எடத்துல இல்லைன்னா பயந்துபோவாருன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு. வெயிலேற வெயிலேற வலி தாங்காமப் பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நாங்க என்னத்தச் செய்ய?"

நான் அவர் முன்னால் போய் மண்டியிட்டேன். அழுகை வந்துவிட்டது. அவர் இடது கையை நீட்டி, அன்றைக்கு முதல் தடவையாக, என் தோளைப் பிடித்தார்.

"ரொம்பப் பயந்துட்டீங்களா மச்சான்?" என்றார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"என் தப்புதான். உங்களப் பிடிச்சிருக்கணும். நீங்க அப்பவே திரும்பியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். இந்தக் காட்டு ரோடெல்லாம் ஒண்ணுபோலவே இருக்கு. வழி தப்பிருச்சோ?"

மூன்று நாளில் அவர் என்னிடம் பேசிய மொத்தப் பேச்சைவிட அது அதிகம். வலியில் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

"ஆமா மாப்ள. வழி தப்பிருச்சு" என்றேன்.

லேத்துக்காரன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிறகு நடந்ததெல்லாம் சாதாரணம்தான். அடுத்து வந்த பஸ்ஸில் ஏற்றித் திருமங்கலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திருமங்கலத்துக்குக் கிட்டே நூல் கடைக்காரன் எதிரே வந்து, முன்னால் வண்டியில் போன லேத்துக்காரனைக் கண்டு பஸ்ஸை மறித்து, மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு நடு ரோட்டில் உட்கார்ந்து அழுதான். பதற்றத்தில் வழியை மாற்றிச் சொல்லிவிட்டேன், பிறகு நானும் தேடிப் போனேன் என்று அவனிடம் சொன்னேன், நம்பிவிட்டான். மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்குப் போகும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. தங்கை கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்பா என் மேல் பாய வந்தார். மாப்பிள்ளை குறுக்கே வந்து நின்று, "மாமா, அவரைத் திட்டாதீங்க. நான் பிடிக்காம உக்காந்தேன். அவர் ஊர் ஊராத் தேடி அலைஞ்சிருக்காரு" என்றார். நான் மொட்டை போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்து எல்லாருக்கும் என் மேல் மதிப்பு கூடிப்போனது.

அன்றிலிருந்து அவர் என்னிடம் சகஜமாகப் பேச ஆரம்பித்தார். நான் ஆசைப்பட்டபடியே நடுவிலிருந்த மரியாதை உடைந்தது. நாற்பது வருஷமாக எங்கள் இரண்டு வீட்டிலும் எந்த விசேஷம் நடந்தாலும் அவர் இந்தக் கதையைச் சொல்லாமல் இருந்ததில்லை. விழுந்ததைச் சொல்லுவார், கோழிக்குஞ்சைச் சொல்லுவார், எல்லாரும் சிரிப்பார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணே முக்கால் மணி நேரம் அந்த மனுஷன் சோறு தண்ணியில்லாம என்னையத் தேடியிருக்காரு. அதான் நான் அந்த இடத்தை விட்டு அசையல" என்று முடிப்பார். அந்த இடம் வருவதற்கு முன்னால் நான் ஏதாவது வேலை இருப்பது மாதிரி எழுந்து உள்ளே போய்விடுவேன். அவருடைய வலது கை இன்றைக்கும் முழுசாக நீளாது. சீக்கிரம் கட்டியிருந்தால் சரியாகியிருக்கும் என்று அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

லேத்துக்காரன் இதை யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம்கூடத் திரும்ப அதைப் பேசியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் இருந்த வரைக்கும் அவன் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது. அவன் போன பிறகு, இனி யாருமே சொல்ல மாட்டார்களே என்பது அதைவிடப் பயமாக இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

மாப்பிள்ளை ரிட்டையர் ஆகி வீட்டில்தான் இருக்கிறார். பொட்டலம் கட்டி வந்த பேப்பரைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் போடுவார். நான் பத்திரிகைக்கு எழுதுவது எது வந்தாலும் முதல் ஆளாக வாங்கி, அச்சுப்பிழையைப் பென்சிலால் திருத்தி, இடது கையால் எனக்குக் கடிதம் எழுதுவார். இதையும் படிப்பார்.